மதினி எண்ணிய வாசல்கள்

மதினி எந்த இடத்துக்குப் போனாலும் உடனே உட்கார மாட்டாங்க. நின்ன இடத்திலேயே மெதுவா ஒரு சுத்து திரும்பி வாசலை எண்ணுவாங்க. டீக்கடை, ரேஷன் கடை, மினி பஸ், கல்யாண மண்டபம், எதுவா இருந்தாலும் சரி. உதடு மட்டும் லேசா அசையும். எண்ணி முடிச்சதும் ஒரு வாசலுக்கு ரெண்டடி தள்ளி, அதைப் பார்த்த மாதிரி உட்காருவாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, “எத்தன வாசல், கொளுந்தனாரே?” என்பாங்க.

நான் எண்ணிச் சொல்லணும். ஒரு தடவை மினி பஸ்ஸில் “ரெண்டு” என்று சொல்லிட்டேன்.

“டிரைவர் எறங்குற கதவ எண்ணலியே. அவரு என்ன சன்னல் வழியா குதிச்சா வீட்டுக்குப் போறாரு?”

பஸ்ஸே சிரிச்சது. நானும் சிரிச்சேன். இது ஒரு விளையாட்டுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அவங்க பேர் எனக்குத் தெரியும். எழுத மனசில்லை. சொந்தம் இல்லை, அண்ணி முறை வச்சு எல்லாரும் மதினின்னுதான் கூப்பிட்டோம். நாற்பது வயசைத் தாண்டினவங்க. பதினாறு வருஷம் பட்டாசு வேலை பார்த்தவங்க. எங்க பக்கம் வெடிமருந்து புழங்குற அறைன்னா நாலு பக்கமும் வாசல் இருக்கணும். உள்ளே நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஆளுக்கு ஒரு வாசல். அவங்கவங்க வாசலைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்து வேலை செய்யணும், ஒண்ணுன்னா எழுந்து நேரா ஓட. நுழையும்போது வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுட்டு நுழையணும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிடும். மதினிக்கு அந்தப் பழக்கமும் விடலை. எந்தக் கதவில் இரும்பு இருந்தாலும் ஒரு தடவை உள்ளங்கையை வச்சிட்டுத்தான் உள்ளே வருவாங்க.

நான் அவங்களைப் பார்த்தது பட்டாசுக் கம்பெனியில் இல்லை. நாரணாபுரம் போற பாதையில் ஒரு பழைய அச்சாபீஸ் கொட்டகையில். காலண்டர் ஆர்டர் குறைஞ்சு போய் மெஷினை எல்லாம் வித்த பிறகு, அச்சாபீஸ்காரர் வீட்டுச் சின்ன மொதலாளி அங்கே சினிமா சுவர் ஒண்ணு கட்டினார். பதினெட்டடி உயரம், ஐம்பதடி நீளம், முழுக்க எல்.இ.டி. லேசா வளைஞ்சு நிற்கும். அதில் ஊர், காடு, அரண்மனை எதை வேணும்னாலும் வரவழைக்கலாம். நடிகர் முன்னால் நின்னா அந்த இடத்திலேயே நிற்கிற மாதிரி கேமராவில் விழும். சுவரில் வெயில் அடிச்சா நடிகர் முகத்திலும் வெயில் விழும். இதை ஓட்டுறதுக்கு உள்ளூர் ஆட்கள் வேணும்னு ஆறு பேருக்குப் பயிற்சி கொடுத்தாங்க. சென்னையிலிருந்து ஒரு சார் வந்தார். நான் எட்டாவதோடு நின்னவன். எனக்கு இது ஏறுமா, பாதியில் அனுப்பிடுவாங்களா, சுவரில் ஒரு பலகையை உடைச்சுட்டா என்ன ஆகும்னு முதல் வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கலை. வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினா, பூட்டினேனான்னு மூணு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

முதல் நாள் மதினி உட்காரவே இல்லை. அந்தக் கொட்டகையில் வெளிச்சம் வரக் கூடாதுன்னு சுத்திக் கறுப்புத் துணி தொங்கும். மதினி ஒவ்வொரு துணியாத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

சாருக்கு எரிச்சல். “என்னம்மா தேடுறீங்க?”

“வாசல், சார்.”

“உள்ள வந்தீங்களே, அதான் வாசல்.”

“அது ஒண்ணு. மத்தது?”

“மத்ததுன்னா?”

“இது பிடிச்சுக்கிட்டா எங்கன ஓடுறது?”

“இது பட்டாசு இல்லம்மா. எல்.இ.டி.”

“கரண்டுதான சார்? கரண்டுக்குப் பட்டாசே தேவல. அதாவது சொல்லிட்டு வெடிக்கும்.”

எல்லாரும் சிரிச்சோம். ஆனால் மறுநாளே பின்பக்கம் துருப்பிடிச்சுக் கிடந்த ஷட்டரைச் சின்ன மொதலாளி திறந்து எண்ணெய் போட வச்சார். அவர் பட்டாசு ஊரில் பிறந்தவர்தானே.

சுவரில் வர்ற வாசல்களையும் மதினி விடலை. சார் ஒரு அரண்மனை மண்டபத்தைக் கொண்டுவந்து, தூணும் தரையும் மின்ன, “எப்படி இருக்கு?” என்று கேட்டார். நாங்க வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டிருந்தோம். மதினி மெதுவா ஒரு சுத்து பார்த்துட்டு, “ஆறு வாசல் சார். ஒண்ணுகூடத் தொறக்காது” என்றாங்க. அந்தக் குரலில் கேலி இல்லை. இது விளையாட்டு இல்லைன்னு எனக்கு அன்னிக்குத்தான் முதல் தடவை தோணுச்சு.

இப்போ நான் பயந்துக்கிட்டிருந்த விஷயத்தைச் சொல்லிடுறேன்.

அந்த ஸ்டுடியோவுக்கு வர்றதுக்கு முந்தின வருஷம் நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடுமேனா இருந்தேன். மதினியோட தங்கச்சி அதே கம்பெனியில் வேலை பார்த்தா. ஆடி மாசம் ஒரு டிவி தொடருக்காக இந்த ஸ்டுடியோ ஆட்கள் அங்கே வந்தாங்க. பட்டாசு அறைக்குள்ளே லைட்டும் வயரும் கொண்டுபோய் ஷூட்டிங் எடுக்க முடியாது, யாரும் விடவும் மாட்டாங்க. அதனால் மருந்து எடுக்காத ஒரு நாளாப் பார்த்து, கேமராவால் அறையை மூலை மூலையா நூத்துக்கணக்கில் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. அந்தப் போட்டோக்களை எல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்தா, அறை அப்படியே முழுசா எழுந்திரிக்கும். உள்ளே போய்ச் சுத்திப் பார்க்கலாம். மதினியோட தங்கச்சி அன்னிக்கு வெறும் காகிதக் குழாய் சுத்திக்கிட்டிருந்தா. மேற்கு வாசல் அவளோடது.

அந்த மேற்கு வாசலில் பதினோரு பெட்டி அடுக்கி வச்சிருந்தேன்.

சீசன் நேரத்தில் இது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். குடோன் நிறைஞ்சிருக்கும், லாரி வந்திருக்காது. சுத்தின குழாய்ப் பெட்டியை எங்கே வைக்கிறதுன்னு கேட்டா, போர்மேன் “அந்த மேக்கு வாசல்ல வைலே, ரெண்டு நாளுதான” என்பார். மேற்கு வெயில் அறைக்குள் விழாம இருக்கும்னு அதுக்கு ஒரு காரணமும் உண்டு. அவ என்னைப் பார்த்து, “அண்ணே, காத்தே வரல, பெட்டிய எடுங்கண்ணே” என்றா. “நாளைக்கு எடுக்கேன்” என்றேன். பெட்டி மேல் என் சிவப்புத் துண்டைப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வரும்போது போட்டோ எடுத்து முடிச்சிருந்தாங்க.

புரட்டாசியில் அந்த அறை வெடிச்சுப் போச்சு. மூணு பேர் காயத்தோடு வெளியே வந்தாங்க. அவ வரலை. அன்னிக்கும் மேற்கு வாசலில் பெட்டி இருந்தது. அதே பெட்டி இல்லை, வேற பெட்டி. அடுக்கினது நான்தான். அறையே செங்கல் குவியலா ஆன பிறகு எந்த வாசலில் என்ன இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? விசாரணைக்கு வந்தவங்க கேட்டாங்க: “எத்தனை வாசல் திறந்திருந்தது?” போர்மேன் முன்னாடியே சொல்லி வச்சிருந்தார். “நாலு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறை இப்போ பூமியில் எங்கேயும் இல்லை. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. அதில் பதினோரு பெட்டி இருக்கும், மேலே என் துண்டு இருக்கும். மதினி அதைப் பார்க்கத்தான் இங்கே படிக்க வந்திருக்காங்கன்னு ரெண்டாவது வாரமே எனக்குப் புரிஞ்சது. ஒரு டீக்கடையில் அவங்களே சொன்னாங்க.

“எந்தங்கச்சி சொன்னா: ‘என்னயச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தாக அக்கா. ஆடாம இருன்னாக, கைதான் நிக்கல’ன்னு. அந்த ரூமு இங்கனதான் இருக்குதாம். அவ வாசல நான் ஒரு தடவ பாக்கணும், கொளுந்தனாரே. பதினாறு வருசம் அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளத்துருக்கேன், வாசலப் பாத்து உக்காருடின்னு. அவ உக்காந்திருப்பா. பெறகு ஏன் வரல?”

என் கையில் டீ கிளாஸ் இருந்தது. கீழே வைக்கணும்னு தோணுது, எங்கே வைக்கிறதுன்னு தெரியலை.

அதுக்கப்புறம் மதினி படிச்சதைப் பார்க்கவே பயமா இருந்தது. கம்ப்யூட்டரில் எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அவங்களுக்கு அதுவும் தெரியாது. ஆனா எந்த வரி எங்கே இருக்கு, எந்த நிறப் புள்ளியைத் தட்டினா என்ன வரும்னு நோட்டில் படமாப் போட்டு வச்சிருந்தாங்க. கோலப் புள்ளி மாதிரி இருக்கும். “மேலயிருந்து அஞ்சாவது கோடு, வலப்பக்கம் பச்சப் பொட்டு.” நாங்க படிச்சுக் குழம்பும்போது அவங்க கை நேரா அங்கே போய் நிற்கும். குழாயில் எவ்வளவு மருந்துன்னு கண்ணால் அளந்து பழகின கை. படத்திலிருந்து ஒரு பொருளை வெட்டி எடுக்கிறதும், வெட்டின இடத்தை நிரப்புறதும் எங்களை விட அவங்களுக்குச் சுத்தமா வந்தது.

அவங்களுக்கு ஒரே ஒரு பாடத்தில்தான் ஆசை. கேமரா தலையில் உள்ளங்கை அளவு ஒரு கருவி மாட்டுவாங்க, ட்ராக்கர்னு பேர். கேமரா எங்கே இருக்கு, எந்தப் பக்கம் பார்க்குதுன்னு அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். கேமரா நகர்ந்தா சுவரில் இருக்கிற படமும் அதுக்கேத்த மாதிரி திரும்பும். கிட்டத்தில் இருக்கிற தூண் வேகமா நகரும், தூரத்து மலை மெதுவா நகரும், நிஜத்தில் இருக்கிற மாதிரி. ஆனா அது கேமராவுக்கு மட்டும்தான் சரியாத் தெரியும். பக்கத்தில் நிற்கிற நமக்கு எல்லாம் கோணலா, இழுத்த மாதிரி இருக்கும்.

“ஒரே ஒரு கண்ணுக்குத்தான் இந்த உலகம் நேரா இருக்கும்” என்றார் சார்.

மதினி கேட்டாங்க: “அந்தக் கண்ணு கேமராவாத்தான் இருக்கணுமா சார்? ஒரு ஆளு தலையில அத மாட்டினா?”

“மாட்டினா அந்த ஆளுக்கு நேராத் தெரியும்.”

“உக்காந்தா?”

“உட்கார்ந்தா உட்கார்ந்த உயரத்துக்குத் தெரியும். எதுக்கும்மா?”

“சும்மாதான் சார்.”

அன்னிக்குச் சாயங்காலம் மினி பஸ்ஸில் மதினி ஒரு காட்டன் தொப்பியை மடியில் வச்சு, அதோட உச்சியில் சின்னப் பை மாதிரி ஒண்ணைத் தைச்சுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்து வழக்கம்போல, “எத்தன வாசல், கொளுந்தனாரே?” என்றாங்க. ஊசி கையில் போய்ப் போய் வந்துக்கிட்டிருந்தது.

“மூணு” என்றேன்.

“ம். தேறிட்டீக.”

இடையில் ஒண்ணு சொல்லணும். அவங்களை இருட்டு முகத்தோடே திரிஞ்ச ஆளுன்னு நினைச்சுடக் கூடாது. எங்ககூடப் படிச்ச ஒருத்தன் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் போற பின்வாசலில் மாவு மூட்டையும் தேக்சாப் பாத்திரமும் அடைச்சுக் கிடந்தது. மதினி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஒவ்வொண்ணா நகர்த்த ஆரம்பிச்சாங்க. சமையல்காரர் ஓடிவந்தார்.

“யம்மா, அது என் சாமான். கைய வைக்காதீக!”

“ஒங்க சாமான எங்க போறதுக்குள்ள வைக்காதீக.”

“இந்த வழியா யாரு போகப் போறா?”

“யாரும் போகலன்னா நல்லது. போகணும்னா வாசலு இருக்கணும்ல?”

கடைசியில் சமையல்காரரே வந்து மூட்டையைத் தூக்கினார். போகும்போது மதினிக்குத் தனியா ஒரு இலையில் ஜாங்கிரி வச்சுக் கொடுத்தார். “ஒங்களுக்குப் பயந்துதான் தாரேன்” என்றார். மதினி அதில் பாதியைப் பிய்ச்சு எனக்குக் கொடுத்தாங்க. “இந்த வழியா யாரு போகப் போறா”ன்னு நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

தொடர் ஷூட்டிங் வெள்ளிக்கிழமைன்னு முடிவாச்சு. புதன்கிழமை சார் முதல் தடவையா அந்த அறையைச் சுவரில் ஏத்தினார்.

முதலில் வெறும் கறுப்பு. அப்புறம் புள்ளி புள்ளியா, தூசி பறக்கிற மாதிரி வந்து ஒட்டிக்கிச்சு. வெள்ளையடிச்ச சுவர், ரப்பர் விரிப்பு, வாசலுக்கு வெளியே புங்கமரம். ஆடி மாசத்து உச்சி வெயில். அந்த வெயில் நகராது. எத்தனை நேரம் பார்த்தாலும் அதே நிழல், அதே இடத்தில். சத்தம் கிடையாது. புங்கமரத்தில் இலை ஆடாது.

மேற்கு ஓரமா அவ உட்கார்ந்திருந்தா.

சேலை நிறம், தலையில் இருந்த கனகாம்பரம்கூடத் தெரிஞ்சது. முகம் மட்டும் மெழுகு உருகின மாதிரி. முழங்கைக்குக் கீழே ஒண்ணும் இல்லை. ரவிக்கைக் கை முடியுது, கொஞ்சம் மங்கலாப் போகுது, அப்புறம் காற்று.

“ஆள் ஆடினா இப்படித்தான் ஆகும்” என்றார் சார், சாதாரணமா. அவருக்கு யார்னு தெரியாது. “கை அசைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, அதனால கையப் பிடிக்க முடியல. இதோட பின்பக்கம் பாருங்க.” கேமராவைச் சுத்திக் கொண்டுபோனார். அவ முதுகுக்குப் பின்னால் உருவம் இல்லை. முகமூடியோட உள்பக்கம் மாதிரி வெறும் கூடு. “பின்னால எடுத்த போட்டோ மங்கலாப் போச்சு, சேரல. இந்த உருவத்தை நாளைக்குச் சாயங்காலம் அழிச்சிடலாம். வாசல்ல இருக்கிற பெட்டி இருக்கட்டும், பார்க்க நிஜமா இருக்கு.”

நான் மதினியைப் பார்க்கலை. பெட்டி மேல் இருந்த துண்டையே பார்த்துக்கிட்டிருந்தேன். என் பக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் ஒரு இடத்தில் நின்னுடுச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் சாரும் மத்தவங்களும் சாப்பிடக் கிளம்பினாங்க. நான் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் போனேன். மதினி, “கொளுந்தனாரே, ஒரு கை பிடிங்க” என்றாங்க. மறுத்திருக்கலாம். வயிறு சரியில்லைன்னு சொல்லியிருக்கலாம். கால் அவங்க பின்னாலேயே போச்சு.

தொப்பியில் ட்ராக்கரைப் பொருத்தித் தலையில் வச்சாங்க. கம்ப்யூட்டரில் அஞ்சாவது கோடு, பச்சைப் பொட்டு. சுவரில் அறை எழுந்தது. மதினி நடக்க ஆரம்பிச்சாங்க.

அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அவங்க ஒரு அடி வச்சா அந்த அறை மொத்தமும் அவங்க பக்கமாத் திரும்புச்சு. தலை சாய்ச்சா தூரத்துப் புங்கமரம் எட்டிப் பார்த்தது. என் கண்ணுக்கு எல்லாம் கோணல். சுவர் சாய்ஞ்சு, தரை எழும்பி, அவ முகம் நீண்டு சுருங்கிக்கிட்டிருந்தது. ஆனா அது மதினியை விட்டுக் கண்ணை எடுக்கலைன்னு தோணுச்சு. மதினி அவ பக்கத்தில் போய், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாங்க. அறையும் அவங்களோடு இறங்கி உட்கார்ந்தது.

ரொம்ப நேரம் அசையலை. உதடு மட்டும் ஆடுச்சு. எண்ணுறாங்க. எத்தனை தடவை எண்ணினாங்களோ.

அப்புறம் எழுந்து வந்து தொப்பியை என் தலையில் வச்சாங்க.

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன். கோணலா இருந்தது எல்லாம் ஒரு நொடியில் நேராச்சு. நான் அறைக்குள் இருந்தேன். அவ உட்கார்ந்த இடத்தில், அவ உயரத்தில். அவ உருவத்துக்குள்ளேதான் என் கண்ணு இருந்திருக்கணும். கூடு உள்ளேயிருந்து தெரியாதுன்னு சார் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு முன்னால் ரெண்டு பக்கமும் ரவிக்கைக் கை நீண்டு, முடிஞ்சு, மங்கிப் போச்சு. அதுக்குக் கீழே என் மடியில் என்னோட ரெண்டு கை இருந்தது.

எதிரே, கை நீட்டினா தொடுற தூரத்தில், பெட்டி. ஒண்ணு மேல் ஒண்ணா, பக்கத்தில் பக்கத்தில், நான் அடுக்குற மாதிரியே சந்தில்லாம. நல்லா அடுக்குவான்னு எனக்குப் பேரு உண்டு. மேலே ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம். அதில் என் துண்டு தொங்கிக்கிட்டிருந்தது.

மதினி எனக்குப் பின்னால் நின்னு கேட்டாங்க.

“எத்தன வாசல், கொளுந்தனாரே?”

திரும்பவும் கேட்டாங்க. அதே குரல். மினி பஸ்ஸில் கேட்ட அதே குரல்.

“மூணு” என்றேன்.

“அவளுக்கு?”

“இல்ல, மதினி. அவளுக்கு வாசல் இல்ல.”

அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். காத்து வரலைன்னு அவ கேட்டதை, நாளைக்குன்னு நான் சொன்னதை, புரட்டாசியில் அடுக்கினதை, கையெழுத்தை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். தலையைத் திருப்பப் பயமா இருந்தது. திருப்பினா அறையும் திரும்பும்.

“தெரியும்” என்றாங்க மதினி. “விசாரணப் பேப்பர எம் மருமவன் வாசிச்சுக் காட்டினான். கீழ ஒங்க கையெழுத்து. நீக இங்கன வந்த மொத நாளே பேரக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“பெறகு ஏன் மதினி எங்கிட்ட…”

“நீகளா சொல்லுவீகளான்னுதான் தெனம் கேட்டேன்.”

மதினி சுத்தி வந்து எனக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்னாங்க.

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுது? கையெழுத்துப் போட்ட எடத்துல போயிச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்.” தொப்பியை எடுத்துக்கிட்டாங்க. அறை கோணலாச்சு. “சாப்பிடப் போங்க. நான் கொஞ்சம் இருந்துட்டு வாரேன்.”

வெள்ளிக்கிழமை மதினி வரலை. ஷூட்டிங் தொடங்கிச்சு. சார் அறையை ஏத்தினார். ஏத்தினதும் அவரே ஒரு நிமிஷம் அசந்து போனார்.

பெட்டி இல்லை. மேற்கு வாசல் முழுசாத் திறந்திருந்தது. வெளியே புங்கமரம், நிழல், ஒத்தையடிப் பாதை. போட்டோவில் இல்லாத இடத்தை மத்த வாசலில் தெரிஞ்சதை வச்சு இட்டு நிரப்பியிருந்தாங்க. ரப்பர் விரிப்பில் யாரும் இல்லை. பாதி சுத்தின ஒரு காகிதக் குழாய் மட்டும் கிடந்தது. யாரோ இப்போதான் எழுந்து போன மாதிரி.

“நான் சொல்லவே இல்லையே. யாரு பண்ணது?” என்றார் சார்.

இயக்குநருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அந்த வாசல் வெளிச்சம் நடிகை முகத்தில் விழுறது அழகா இருக்குன்னார். விபத்துக் காட்சி. சுவரில் முதலில் வெள்ளை வெளிச்சம், அப்புறம் ஆரஞ்சு. எல்லாரும் ஒத்திகையில் சொன்னபடி கேமரா பக்கம் ஓடி வரணும். மூணு பேர் ஓடி வந்தாங்க. நாலாவது பொண்ணு, பதினெட்டு வயசிருக்கும், சென்னையிலிருந்து வந்தவ, நேரா மேற்கு வாசலைப் பார்த்து ஓடினா. சுவருக்கு ஒரு அடி முன்னால் நாங்க கத்தின சத்தத்தில் நின்னா. கை ரெண்டும் முன்னால் நீட்டினபடி.

“ஏம்மா அங்க ஓடுன?”

“வாசல்னு நினைச்சிட்டேன் சார். என்னமோ… அது பக்கத்துல இருந்துச்சு.”

நான் பின்பக்க ஷட்டர் வழியா வெளியே போயிட்டேன்.

மதினி அதுக்கப்புறம் வரவே இல்லை. ஆலங்குளத்தில் சொந்தக்காரங்க வீட்டில் இருக்காங்கன்னு ஒருத்தர் சொன்னார். வெம்பக்கோட்டைப் பக்கம் பார்த்ததா இன்னொருத்தர் சொன்னார். நான் தேடிப் போகலை. போய் என்ன சொல்றது, விசாரணைக்காரங்ககிட்ட இன்னும் போகலைன்னா?

பத்து நாள் கழிச்சு, ஸ்டுடியோவில் என் பேர் போட்ட ஃபோல்டரைத் திறந்தேன். அதில் நான் பழகிப் பார்த்த மலை, குளம் எல்லாம் இருக்கும். புதுசா ஒண்ணு இருந்தது. பேர் இல்லை, வெறும் 3. திறந்தேன்.

கறுப்பு. தரை இல்லை, சுவர் இல்லை, வெயில் மட்டும் எங்கிருந்தோ விழுந்துக்கிட்டிருந்தது. நடுவில் பதினோரு பெட்டி. மேலே சிவப்புத் துண்டு. அறையிலிருந்து வெட்டி எடுத்து இங்கே கொண்டுவந்து வச்சிருக்காங்க. கேமராவைச் சுத்திக் கொண்டுபோனேன். பின்பக்கம் கூடு. உள்ளே ஒண்ணும் இல்லை. ஒரு மனுஷன் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

அழிக்கப் பார்த்தேன். அழிக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அது மதினி குரலில் கேட்கிற மாதிரி இருக்கும். மூடி வைப்பேன். மறுநாள் திறந்து இருக்கான்னு பார்ப்பேன். இருக்கும். வீட்டுப் பூட்டைப் பார்க்கிற மாதிரி இதையும் மூணு தடவை பார்க்க ஆரம்பிச்சேன். சாப்பாட்டு வேளையில் சுவரில் வேற ஏதாவது காட்சி ஓடிக்கிட்டிருக்கும்போது, யாரும் கேமராவைத் தொடாமலே காட்சி தெரியிற கோணம் லேசா கீழே இறங்கும். உட்கார்ந்த உயரத்துக்கு. ட்ராக்கர் பேட்டரி குறைஞ்சா அப்படி ஆகும்னு சார் சொல்லியிருக்கார். ஆகும்தான்.

போன திங்கட்கிழமை பென் டிரைவில் அந்தப் படத்தை ஏத்திச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன். பஸ்ஸுக்கு மூணு வாசல்.

விசாரணை நடத்தின ஆபீஸில் ஒரு நீளமான அறை. நான் உட்காரலை. ஒரு சுத்து திரும்பிப் பார்த்தேன். ரெண்டு வாசல். ஒண்ணில் பாதிக்கு இரும்பு பீரோ நின்னுச்சு. திறந்திருந்த வாசலுக்கு ரெண்டடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்து போயிடலாம்னு நாலு தடவை நினைச்சிருப்பேன். வாசல் பக்கத்தில்தான் இருந்தது, சுலபமாப் போயிருக்கலாம்.

உள்ளறையிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். “என்ன விஷயமா வந்திருக்கீங்க?”

“பட்டாசு விபத்து ஒண்ணு சார். அன்னிக்கு எத்தன வாசல்னு கேட்டாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், “உள்ள வாங்க” என்றார்.

அந்தக் கதவுக்கு இரும்புப் பிடி. அதில் உள்ளங்கையை ஒரு தடவை வச்சு எடுத்துட்டு உள்ளே போனேன்.